மண்ணிற் படிந்த மருந்தும் இல்லறத்தார் அகிம்சையும்

மண்ணை வெறும் சடம் என்று ஜினாகமம் கொள்ளவில்லை. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் ஐவகை. ஈரறிவு முதல் ஐயறிவு ஈறாக உள்ள இயங்கும் உயிர்கள் ஒருவகை. இவ்வறுவகை உயிர்களுக்கும் ஊறு நேராதவாறு ஒழுகுவதே அறத்தின் தலையாயது என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். மண்ணையே உடலாகக் கொண்ட பிருதிவிகாயிக உயிர்கள் வேறு. மண்ணுக்குள் வாழும் பிற உயிர்கள் வேறு. இன்றைய அறிவியல் நுண்ணோக்கி வழியே காட்டும் பாக்டீரியாக்களை நிகோத உயிர்களோடு ஒன்றாக எண்ணுவோர் நம்மிடையே உளர்; அங்ஙனம் எண்ணலாகாது என்போரும் உளர். அவ்வழக்கைக் கற்றுத் துறைபோகிய பெரியோரிடம் விட்டுவிடுகிறேன். வளமான மண் ஒரு கிராமில் நூறு கோடி வரையிலும் நுண்ணுயிர்கள் உள்ளன. அவை உண்கின்றன, வளர்கின்றன, பெருகுகின்றன, மடிகின்றன. இக்கட்டுரைக்கு அவ்வளவு போதும்.

நோயுற்ற ஒருவர் நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்தை உண்ணலாமா என்ற வினா நம் இல்லங்களில் பலகாலும் எழுந்திருக்கிறது. இல்லறத்தார் செய்யும் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்து, அவற்றுள் கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பியை அறவே விலக்கவும், ஏனைய மூன்றையும் இயன்றவரை சுருக்கவும் நூல்கள் பணிக்கின்றன. நோய்க்கிருமியால் தாக்குண்டவர் தம் உயிர்காக்க மருந்துண்பதை விரோதியிலோ ஆரம்பியிலோ அடக்குவர். அது குற்றமற்றது என்பதன்று இதன் பொருள். இல்லறத்தாருக்கு விலக்கப்படாதது என்பதே பொருள். நுரையீரல் அழற்சியால் மூச்சுத் திணறும் குழந்தைக்கு மருந்து கொடுக்கத் தயங்கும் தாயை நான் அறவோள் என்று போற்ற மாட்டேன்.

அவ்வினா ஒருவாறு விடை கண்ட வினா. யாரும் கேளாத வினா மற்றொன்று உண்டு. நோயைத் தீர்த்த மருந்து அதன்பின் எங்கே செல்கிறது? நாம் நலம்பெற்று எழுந்த அன்றே அதன் தொழிலும் முடிந்துவிடுகிறதா?

இம்மருந்துகளுக்கு வழங்கும் ஆன்டிபயாடிக் என்ற பெயரின் நேர்ப்பொருளே உயிருக்கு எதிரானது என்பதாகும். அப்பெயரை நிலைபெறச் செய்தவர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மண்ணியல் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த செல்மன் வாக்ஸ்மன். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் 1943இல் கண்டறிந்ததே காசநோய்க்கு முதன்முதலாகப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின். எருவிட்ட மண்ணில் வாழும் ஓர் உயிரிடமிருந்து அது பெறப்பட்டது. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. மாணவருக்கு அதிற் பங்கில்லை. ஆசிரியத் தொழிலில் முதுமையடைந்த எனக்கு அது இன்றும் உறுத்துகின்ற செய்தி.

டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்தாகிய ஆரியோமைசின் கிடைத்த வரலாறு இன்னும் சுவையானது. மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் பண்ணையிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பிடி மண்ணிலிருந்து 1945இல் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலார் அதைப் பிரித்தெடுத்தார். அப்போது அவர் எழுபதைக் கடந்தவர்; பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அந்நிறுவனத்தின் ஆய்வுத் துறைக்கு அந்நாளில் தலைமை வகித்தவர் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். பொன்னிறம் உடையதாதலின் பொன் என்னும் பொருள்படும் பெயர் மருந்துக்கு வாய்த்தது. 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

ஆக, மண்ணிலிருந்து வந்த மருந்து அது. மீண்டும் மண்ணுக்கே செல்கிறது. வந்த அளவும் செல்லும் அளவும் ஒன்றல்ல என்பதே சிக்கல்.

உட்கொண்ட டெட்ராசைக்ளினை உடல் முற்றிலும் செரித்து அழித்துவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி உருமாறாமலே சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுகிறது. மனிதர்க்கு மட்டுமன்றிக் கால்நடைக்கும் கோழிக்கும் இது கொடுக்கப்படுகிறது. 1950ஆம் ஆண்டு வாக்கில், தீவனத்தில் இம்மருந்தைச் சிறிதளவு கலந்தால் நோயில்லாத கோழியும் பன்றியும் விரைந்து கொழுக்கின்றன என்று அதே நிறுவனத்தார் கண்டனர். நோய்க்கு மருந்தாக வந்தது அன்றுமுதல் கொழுக்க வைக்கும் தீனியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் அவ்வழக்கத்தை முற்றிலும் நிறுத்தியது. நம் நாட்டில் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொடுப்பது 2019இல் தடை செய்யப்பட்டது. புலால் உண்ணாத நமக்கு இதில் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். கோழிப்பண்ணை எரு நம் வயல்களுக்கும் வருகிறது. நம் மாட்டின் மடிநோய்க்கு மடிக்காம்பு வழியே செலுத்தப்படுவதும் இவ்வினத்து மருந்தேயாம். அதன் சாணமும் சிறுநீரும் நம் எருக்குழியிலேயே சேர்கின்றன.

இனி, மண்ணைச் சேர்ந்த மருந்துக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். சகோதரிகள் அஞ்ச வேண்டா. சமையலறையில் அறிந்த செய்தி ஒன்றிலிருந்தே தொடங்கலாம். டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு உட்கொள்ளலாகாது என்று மருத்துவர் கூறுவர். பாலில் உள்ள கால்சியத்தை அம்மருந்து இறுகப் பற்றிக்கொள்ளும்; பற்றிக்கொண்டால் குடல் அதை உறிஞ்சாது. இதே காரணத்தால் பல் உருவாகும் பருவத்துக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தால் பல்லிலுள்ள கால்சியத்தில் பதிந்து, ஆயுள் முழுதும் நீங்காத மஞ்சட்கறையாகிவிடும். 1970களில் நான் பணியாற்றிய பள்ளிகளில் அத்தகைய பற்களை உடைய மாணவர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டே சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். பற்றியதை எளிதில் விடாத இயல்பு அம்மருந்துக்கு உண்டு.

மண்ணிலும் அதுவே நிகழ்கிறது. களிமண் என்பது கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஏடுகளின் அடுக்கு. அவ்வேடுகளின் பரப்பு எதிர்மின்தன்மை உடையது; ஆதலால் கால்சியம், மெக்னீசியம், சோடியம் முதலிய நேர்மின் அயனிகளைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்ளும். பயிருக்கு உரம் நிற்பதும் இவ்வீர்ப்பினால்தான். டெட்ராசைக்ளின் மூலக்கூறு புளிப்புத்தன்மையுள்ள மண்ணில் நேர்மின் ஏற்றம் பெறுகிறது. பெற்றவுடன் அங்கிருக்கும் அயனியைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் அமர்ந்துகொள்ளும். புளிப்புக் குறைந்த மண்ணில் நேர்மை, எதிர்மை இரண்டும் ஒருங்கே உடையதாகிறது. அப்போது ஏட்டின்மீதுள்ள கால்சியம் இடையே பாலமாக நின்று, ஒருகையால் களிமண்ணையும் மறுகையால் மருந்தையும் பிடித்துக்கொள்கிறது. மண்ணுக்குச் செந்நிறம் தரும் இரும்பு ஆக்சைடும் மருந்தை நேரே பற்றிக்கொள்ள வல்லது.

எல்லா மண்ணும் ஒரு தன்மையதன்று. கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மொரில்லோனைட் என்ற களிக்கனிமத்தின் ஏடுகள் நீர்பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் நிலம் பாளம்பாளமாக வெடிப்பது இதனாலேயே. மருந்தின் மூலக்கூறு அவ்வேடுகளின் இடைவெளிக்குள்ளும் புத்தகத்தில் வைத்த மயிலிறகு போலப் புகுந்து தங்கிவிடும். செம்மண்ணில் உள்ள கயோலினைட்டின் ஏடுகளோ இறுகப் பிணைந்தவை. புற ஓரங்களில் மட்டுமே மருந்து ஒட்டும். மருந்துகளும் ஒரு தன்மையன அல்ல. பென்சிலின் மண்ணில் நெடுநாள் நிற்பதில்லை. நீரோடு சேர்ந்து விரைவில் சிதைந்துவிடுகிறது. சல்பா மருந்துகள் களிமண்ணில் அதிகம் ஒட்டாமல் நீரோடு கிணற்றை நாடிச் செல்வன. டெட்ராசைக்ளினும் சிப்ரோபிளாக்சசினும் இறுகப் பற்றுவன; மாதக்கணக்கில் இருப்பன. மாங்கனீசு ஆக்சைடு போன்ற சில கனிமங்கள் மட்டும் டெட்ராசைக்ளினைப் பற்றுவதோடு நில்லாமல் சிதைக்கவும் செய்கின்றன.

ஜெர்மனியில் ஆண்டுதோறும் பண்ணைக்கழிவு நீரைப் பாய்ச்சிவந்த வயல் ஒன்றின் மண்ணில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 200 மைக்ரோகிராம் வரை டெட்ராசைக்ளின் இருந்ததாக 2002இல் ஆய்வாளர் வெளியிட்டனர். மேல்மண் ஓர் அடிக்குள்ளேயே அது தங்கிநின்றது. இதைக் கேட்டு ஆறுதல் கொள்வோர் உண்டு. கிணற்று நீருக்குப் போகாமல் மண் தடுத்துக்கொண்டதே, பூமாதேவி விழுங்கிவிட்டாளே, இனிக் கவலை என்ன என்பர். பிணைக்கப்பட்டது ஒழிந்தது என்ற இவ்வெண்ணமே நாம் ஆராய வேண்டிய இடம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்துப் பார்த்தனர். டெட்ராசைக்ளினை மண்துகள்களில் ஒட்டச் செய்து, ஒட்டாததைக் கழுவி நீக்கிவிட்டு, அத்துகள்களோடு பாக்டீரியாக்களைச் சேர வைத்தனர். ஒட்டிக்கொண்ட நிலையிலும் மருந்து பாக்டீரியாக்களின் பெருக்கத்தைத் தடுத்தது. வலிமை குறைந்தது உண்மை, ஒழியவில்லை. அன்றியும் பிணைப்பு என்றும் நிலைப்பதும் அன்று. மண்ணின் புளிப்புத்தன்மை மாறினால், உப்பு மிகுந்தால், பயிரின் வேர்கள் தம் அமிலங்களைச் சுரந்தால், பற்றியிருந்ததில் ஒரு பகுதி மீண்டும் அவிழ்ந்து நீரில் கலக்கிறது.

இவ்வாறு சிறிது சிறிதாக நெடுநாள் நிற்கும் மருந்து, எல்லா நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுவதில்லை. மெலிந்தவை மடிய, மருந்தைத் தாங்கும் ஆற்றல் உடையவை பெருகுகின்றன. அவ்வாற்றலைப் பிற இனத்து நுண்ணுயிர்களுக்கும் அவை கைமாற்றித் தருகின்றன. சுற்றிச்சுழன்று அது மனிதனைத் தாக்கும் கிருமியையும் அடைகிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நோய்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022இல் கணக்கிட்டனர். மண்ணுயிர்க்கு இழைத்த தீங்கு ஐயறிவுயிரிடமே திரும்பி வருவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நம் சித்தாந்தத்தில் பயின்றோர்க்கு இவ்விடத்தில் கன்ம பந்தம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஊற்றாக வந்த வினை உயிரோடு கட்டுண்கிறது. கட்டுண்ட உடனே பயன் தருவதில்லை. அபாதா காலம் முழுதும் சத்தையில் அடங்கியிருந்து, உரிய துணை கூடியபோது உதயமாகிறது. உதிர்ப்பு நேரும்வரை இல்லாமற் போவதில்லை. களிமண் ஏட்டில் அடங்கியிருக்கும் மருந்தும் அத்தகையதே எனலாம். ஆயினும் இது உவமை மாத்திரமே. கன்மம் உயிரைக் கட்டுவது. இங்கோ புற்கலத்தைப் புற்கலம் கட்டுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தில் அணுக்களின் பிணைப்புக்குக் காரணமாகக் கூறப்பட்ட நெய்ப்புத்தன்மையையும் வறட்சித்தன்மையையும் மின்னேற்றத்தோடு ஒன்றாக்கி, அன்றே நம்மவர் இவற்றையெல்லாம் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆசாரியர்கள் மண்ணியல் நூல் எழுதவில்லை. எழுதாததை அவர்கள்மீது ஏற்றுவது அவர்களுக்குப் பெருமை சேர்க்காது. அவர்கள் எழுதியது ஒழுக்கம். அதைக்கொண்டே இச்சிக்கலை அளந்து பார்ப்போம்.

முதல் தடை ஒன்று எழும். மண்ணுயிரைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இல்லையே. எண்ணமில்லாத இடத்தில் ஹிம்சை எங்ஙனம் என்பர். ஹிம்சையின் இலக்கணத்தில் எண்ணத்தோடு பிரமாதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பிரமாதமாவது கவனக்குறைவு, அசட்டை. பார்த்து அடிவைக்கும் முனிவரின் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக வந்து மடிந்தாலும் அவருக்கு ஹிம்சை இல்லை. பாராது நடப்பவரின் காலடியில் ஒன்றும் மடியாவிடினும் அவருக்கு ஹிம்சை உண்டு. மருந்து மண்ணில் தங்கும் என்பதை அறியாத காலத்து மக்களுக்கு நாம் இதை ஏற்றிக் கூறலாகாது. அறிந்தபின் நாம் பாராது நடப்பவரே ஆகிறோம்.

இன்னொரு தடை: ஓரறிவுயிர்தானே, அதற்காக இத்துணைக் கவலையா? ஐயறிவுயிரைக் கொல்வது போன்றதன்று ஓரறிவுயிரைக் கொல்வது என்பதை நூல்களும் ஒப்புகின்றன. ஆனால் அதைக் கணக்காக மாற்றும்போதுதான் வழுக்கல் தொடங்குகிறது. பல சிற்றுயிர்களைக் கொன்று உண்பதைவிடப் பேருயிர் ஒன்றைக் கொன்று உண்பது மேல் என்று முற்காலத்தில் வாதிட்டோரை அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மறுத்திருக்கிறார். தலையெண்ணிக்கை அறத்தின் அளவுகோலாகாது. அவ்வாறே எண்ணற்ற மண்ணுயிர்களைக் கூட்டிக் கூட்டி ஒரு குழந்தையின் உயிருக்கு நிகராக நிறுத்தி, மருந்தே வேண்டா என்பதும் அதே பிழையின் மறுபுறம். தேவைக்குக் கொடுத்தாயா, தேவையின்றிக் கொடுத்தாயா என்பதே கேள்வி.

மண்ணுயிர்களே இம்மருந்தை உண்டாக்குகின்றனவே, அவற்றுள் போர் இயற்கைதானே என்பது படித்த இளைஞர் எழுப்பும் தடை. வலுவான தடைதான். கனடாவின் வடகோடியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபுக்கூறுகள் இருந்ததை 2011இல் கண்டனர். ஆயுதமும் கேடயமும் மனிதனுக்கு முந்தியவை. ஆனால் மண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர் தன்னைச் சுற்றி அணுவளவில் சுரப்பது வேறு, ஆலையில் டன் கணக்கில் செய்து வயலெங்கும் பரப்புவது வேறு. அன்றியும், புலி மானைக் கொல்கிறது என்பதால் நமக்கு ஊனுண்ண உரிமை வந்துவிட்டதாக நாம் என்றும் வாதிட்டதில்லை.

ஆலை என்றதும் ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவைச் சொல்லாமல் இருக்க இயலாது. அங்கே ஏறத்தாழ 90 மருந்தாலைகளின் கழிவு வந்துசேரும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, சுத்திகரித்தபின் வெளிவிட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததை 2007இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நோயாளியின் குருதியில் இருக்கும் அளவினும் அது மிகுதி. இதைக் காட்டி, அவ்வளவு பெரிய ஆலைகள் இருக்க, என் வீட்டு ஒரு மாத்திரையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கைகழுவுவது எளிது. அளவில் ஒப்பிட முடியாது என்பதை ஒப்புகிறேன். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணப் பழகியவர்கள் நாம். மலிவான மாத்திரையை வேண்டியும் வேண்டாமலும் வாங்கிக் குவிப்பவர் இல்லையேல் அவ்வாலையும் இல்லை.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் கடைசியாக எண்ணப்படுவது உத்ஸர்க்க சமிதி. பிரதிட்டாபன சமிதி என்றும் வழங்குவர். உடற்கழிவை உயிரற்ற, பிறர்க்கு இடையூறில்லாத, பார்த்துத் தூய்மை செய்த இடத்தில் இடுவதே அது. மற்றச் சமிதிகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன். இதைப் பற்றிக் கேட்டதில்லை. பேசக் கூச்சமோ, அற்பம் என்ற எண்ணமோ அறியேன். எனக்கோ இப்போது ஐந்தனுள் இதுவே நம் காலத்துக்கு நெருங்கியதாகத் தோன்றுகிறது. உண்ணும்போது காட்டும் கவனம் கழிக்கும்போதும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே வரிசையில் வைத்த மதியைப் பாருங்கள். நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம், இரவில் உண்பதில்லை, மண்ணைக் கிளறி எடுக்க வேண்டியிருத்தலாலும் பல உயிர்க்கு ஓருடலாதலாலும் கிழங்கை விலக்குவோர் பலர் உள்ளனர். வாய்க்குள் போவதில் இத்துணை நுட்பம். வெளியே போவதில் ஒன்றுமில்லை.

இல்லறத்தார் முனிவர் ஆக முடியாது. அவர்க்கு உரியதாக அநர்த்ததண்ட விரதி இருக்கிறது. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல் என்பது அதன் பொருள். வீணே மண்ணைத் தோண்டுதல், வீணே நீரைக் கொட்டுதல் முதலியவற்றை அதில் விலக்கியிருப்பதை நாம் அறிவோம். சளிக்கும் சாதாரண ஜலதோஷத்துக்கும் இம்மருந்தை உண்பது அவற்றோடு சேரத் தக்கது. அந்நோய்கள் வைரஸினால் வருவன. இம்மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. நோயாளிக்குப் பயன் ஒரு சிறிதும் இல்லை. குடலிலும் மண்ணிலும் உள்ள உயிர்கட்குச் சேதம் முழுதும் உண்டு. பயனில்லாத் தீங்கு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை என்னால் எண்ண முடியவில்லை. மருத்துவர் எழுதித் தராமலே மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது, பாதியில் நிறுத்தி மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென்று டப்பாவில் போட்டுவைப்பது, காலாவதியானதும் அதைக் கொல்லைக் குப்பையில் எறிவது அல்லது கழிப்பறையில் கொட்டுவது எல்லாம் இதன் கிளைகள்.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் இன்றும் நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு மற்றொன்று. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோய் கண்டால் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூளைக் காப்பர் ஆக்சிகுளோரைடோடு சேர்த்துத் தெளிப்பது நெடுங்கால வழக்கமாக இருந்துவந்தது. பயிர்களுக்கு இக்கலவையைத் தடை செய்வதற்கான வரைவாணையை நடுவண் அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஆணை ஒருபுறம் இருக்கட்டும். தெளித்ததில் இலையில் நின்றது போக மற்றதெல்லாம் மண்ணில் விழுந்து களிமண்ணின் ஏட்டில் புகுகிறது என்பதை அறிந்த நாம், ஆணைக்காகவா காத்திருக்க வேண்டும்? நோய் தாங்கும் நெல் இரகத்தைத் தேர்தல், தழைச்சத்து உரத்தை அளவோடு இடுதல், 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளித்தல் ஆகியவற்றையும் இந்நோய்க்கு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். உழவு நமக்கு உத்யோகி ஹிம்சை. விலக்க முடியாதது என்று கூறிச் சுருக்கக் கூடியதையும் சுருக்காமல் விட்டுவிடுதல் அப்பகுப்பின் நோக்கமன்று.

மாட்டுக்கு மருந்து கொடுக்க நேர்ந்தால் கொடுக்கத்தான் வேண்டும். வாயில்லாச் சீவனின் வலியைப் பார்த்துக்கொண்டு இருப்பது அகிம்சை ஆகாது. அந்நாட்களின் சாணத்தை உடனே வயலில் இடாமல் தனியே குவித்து, நன்கு சூடேறி மக்கும்படி விட்டு, பல வாரங்களுக்குப்பின் இட்டால் டெட்ராசைக்ளினில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. சிப்ரோபிளாக்சசின் இனத்து மருந்துகள் அவ்வளவாகச் சிதைவதில்லை. மருந்தேற்றிய மாட்டின் பாலைக் கால்நடை மருத்துவர் குறித்த நாள்வரை கறந்து நீக்க வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அப்பாலை வாய்க்காலில் ஊற்றுவதே பெரும்பாலும் நடப்பது. அதையும் அக்குவியலிலேயே சேர்ப்பது நன்று.

இங்கேதான் எனக்கு விடுபடாத முடிச்சு ஒன்று இருக்கிறது. எருக்குவியல் சூடேறுவது தானாக அன்று. எண்ணற்ற நுண்ணுயிர்கள் அதில் உண்டு பெருகுவதாலேயே சூடு பிறக்கிறது. அச்சூட்டில் முந்தியவை மடிய, பிந்தியவை பிறக்கின்றன. மருந்தைச் சிதைப்பதற்கென்று நாமே ஒரு பிறப்பு இறப்புக் களத்தை அமைக்கிறோம். வயலில் பல ஆண்டு நீளும் தீங்கைத் தவிர்க்கச் சில வாரங்களின் தீங்கை ஏற்பது இல்லறத்தார்க்குத் தகும் என்றே நான் எண்ணுகிறேன். உழவர் எருவை எப்படியும் மக்கவைக்கவே செய்வர். ஆனால் தகும் என்பதற்கு மேலே, இதை ஆரம்பியில் சேர்ப்பதா உத்யோகியில் சேர்ப்பதா, இதற்கெனத் தனியே ஆலோசனையும் பிராயச்சித்தமும் வேண்டுமா என்பதைச் சாதுர்மாசத்தில் நம் ஊர்ப்பக்கம் தங்கும் முனிவர்களிடம் கேட்டறிந்தவர்கள், அவர்கள் கூறியதை இவ்விதழுக்கு எழுதி அனுப்பக் கோருகிறேன்.